பழைய ஸ்போர்ட்ஸ் கார், நன்றாக விழும் கியர்: ஆயிலை மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி:
"மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, ஐந்து கியர் மேனுவல். வயது இருபதைத் தாண்டிவிட்டது. கியர்பாக்ஸில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் எடுக்கும்போது இரண்டாவது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சூடானதும் சரியாகிவிடும். முந்தைய உரிமையாளர் கியர் ஆயில் மாற்றினாரா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஓடுகிற கியர்பாக்ஸில் கை வைக்காதே, இத்தனை வருஷம் கழித்துப் புது ஆயில் ஊற்றினால் கெட்டுப்போகும் என்கிறார்கள். உண்மையா?"

7 ஜனவரி

மாற்றுங்கள்.

"புது ஆயில் ஊற்றினால் கெட்டுப்போகும்" என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்காரர்களின் பயம். அங்கே அதற்கு ஓரளவு காரணம் உண்டு. உள்ளே கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. தேய்ந்த தகடுகளின் தூள் ஆயிலில் மிதந்துகொண்டே ஏதோ ஒரு பிடிப்பைத் தந்துகொண்டிருக்கலாம். அதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றியதும் வழுக்க ஆரம்பித்த கதைகள் உண்டு. அந்தக் கதைகளில் பாதி, ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியவர்கள் சொல்வது. பழி மட்டும் புது ஆயில் மேல்.

மேனுவல் கியர்பாக்ஸின் ஆயிலுக்குள் அந்தத் தகடுகளே கிடையாது. பல்சக்கரம், பேரிங், சிங்க்ரோ ரிங், ஷிஃப்ட் ஃபோர்க், அவ்வளவுதான். எஞ்சின் மாதிரி எரிபொருள் எரிந்து வரும் கரியும் இல்லை, புது ஆயில் கரைத்து எடுத்துவந்து அடைக்கும் மெல்லிய வழிகளும் இல்லை. ஃபில்டரும் இல்லை, இதுதான் முக்கியம். முதல் நாளிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு உலோகத் துகளும், வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியது போக, இன்னும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

"ஆயுள் முழுவதற்கும் ஒரே ஆயில்" என்று எழுதும் நிறுவனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸ் செய்தவர் ஒன்று சொல்கிறார், அதை வாங்கி மாட்டியவர் வேறொன்று சொல்கிறார். யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7 ஜனவரி, இரவு

சொல்லாமல் விட்டது: வடிக்கும் பிளக்கைத் தொடும் முன்னால் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் 24 மில்லிமீட்டர் சாவிதான். இருபது வருஷமாகத் திறக்காத ஊற்றும் பிளக் இறுகிப் போயிருக்கும். கீழே எல்லாம் வடிந்த பிறகு மேலே திறக்கவில்லை என்றால், காலியான கியர்பாக்ஸோடு கார் ஸ்டாண்டில் நிற்கும், நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள்.

11 ஜனவரி

குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதைப் பற்றி.

சிங்க்ரோ ரிங் ஒரு சின்ன பிரேக். கியர் மாற்றும்போது, கியரோடு இருக்கும் கூம்பின் மேல் இந்த வளையம் அழுந்தி, உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. உராய வேண்டுமானால் நடுவில் உள்ள ஆயில் படலம் விலக வேண்டும். வளையத்தின் உட்புறம் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பது அந்தப் படலத்தை அறுத்து வெளியே தள்ளத்தான். ஆயில் குளிர்ந்து தடித்திருந்தால் படலம் மெதுவாகத்தான் விலகும். வரிகள் தேய்ந்திருந்தால் இன்னும் மெதுவாக. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேக வித்தியாசம் அதிகம் என்பதால் அடி முதலில் இரண்டாவதற்கு விழுகிறது. எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் பலர் இதைச் சொல்வார்கள், உங்கள் கார் தனிப்பிறவி அல்ல.

ஆகவே இந்தக் குறையில் இரண்டு பங்கு: ஆயிலின் தடிமன், வளையத்தின் தேய்மானம். ஆயில் மாற்றினால் முதல் பங்கு குறையும். இரண்டாவது அப்படியேதான் இருக்கும். தேய்ந்த வரியை எந்த ஆயிலும் திரும்ப வெட்டித் தராது.

எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: 75டபிள்யூ-90 என்றால் எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு தடிமன் என்று அர்த்தமில்லை. கியர் ஆயிலுக்கு எஸ்ஏஇ ஜே306 என்று தனி அளவுகோல். 100 டிகிரி சூட்டில் 90 என்பதன் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள். எஞ்சின் ஆயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. கிட்டத்தட்ட ஒரே ஊர்க்காரர்கள், இலக்கம்தான் வேறு. உங்களுக்கு முக்கியம் முன்னால் இருக்கும் 75டபிள்யூ. அது மைனஸ் 40 டிகிரியிலும் குறிப்பிட்ட வரம்புக்குள் இளகி இருக்க வேண்டும்; 80டபிள்யூவுக்கு அதே வரம்பு மைனஸ் 26 டிகிரியில், 85டபிள்யூவுக்கு மைனஸ் 12 டிகிரியில். அந்த அளவு குளிரை நாம் பார்க்கப் போவதில்லைதான். ஆனால் காலைக் குளிரிலும் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

12 ஜனவரி

"அப்போ இன்னும் தடித்த 140 ஊற்றினால் சத்தம் குறையுமே?" என்று ஒருவர்.

குறையும். பழைய காரை விற்பவர்கள் கியர்பாக்ஸுக்குள் மரத்தூள் போட்டு விற்ற காலமும் இருந்தது, அதிலும் சத்தம் குறைந்தது. வாங்கியவர் வீடு போய்ச் சேரும்வரை.

15 ஜனவரி

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது: ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ.

கியர் ஆயில்களை வகை பிரிக்க டப்பாவில் போடும் குறியீடுகள் இவை. இது தரவரிசை இல்லை. ஐந்து நான்கைவிட ஒசத்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் ஆயில் படலம் கிழிந்துபோனால் காப்பாற்றுவதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் போடுகிறார்கள். ஜிஎல்-5ல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த நாற்றம் இதுதான். பின் டிஃபரன்ஷியலில் (விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) இருக்கும் ஹைபாய்டு கியருக்கு இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சாய்வுப் பல்சக்கரத்துக்கு அத்தனை காப்பு தேவையில்லை.

"ஜிஎல்-5 பித்தளை சிங்க்ரோவைத் தின்றுவிடும்" என்பது வாதம். பழைய கலவைகளில், அதிகச் சூட்டில், செம்பு கலந்த உலோகங்களைக் கந்தகம் அரித்தது உண்மை. இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் அந்தக் கந்தகம் அடக்கப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், மஸ்டாவின் கையேடே இந்த ஐந்து கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5, 75டபிள்யூ-90 என்றுதான் எழுதியிருக்கிறது. அதனால் முந்தையவர் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால் மாரடித்துக்கொள்ள வேண்டாம்.

இருந்தும் நான் ஜிஎல்-4தான் ஊற்றுவேன். அரிப்பு பயத்தால் இல்லை, பிடிப்புக்காக. சிங்க்ரோ உராய்ந்தால்தான் வேலை செய்யும் என்று மேலே எழுதினேன். டிஃபரன்ஷியலுக்காகச் செய்த ஆயில் வழவழப்பைத்தான் முதல் குறியாக வைத்திருக்கும். மேனுவல் கியர்பாக்ஸுக்கு என்றே செய்த 75டபிள்யூ-90 ஜிஎல்-4 (ரெட்லைன் எம்டி-90 மாதிரி) வளையத்தின் உராய்வையும் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டது. தேய்ந்த வளையத்துக்கு இந்தச் சின்ன உதவியும் தேவை.

டப்பாவில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் போட்டிருந்தால் அது ஜிஎல்-5 அளவு சேர்மானம் உள்ள ஆயில் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

16 ஜனவரி

மேலே உள்ளதை எல்லாக் காருக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில். அங்கே சிங்க்ரோவையும் இறுதிப் பல்சக்கரத்தையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் ஆயில் வேண்டும், தயாரிப்பாளர் சொன்னதைவிட்டு விலகாதீர்கள். ஹோண்டா எஸ்2000க்கு ஹோண்டாவின் சொந்த எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்), அது இதைவிட மெல்லியது. கையேட்டை எடுத்துப் படியுங்கள். கையேட்டைவிடப் பக்கத்து வீட்டுக்காரரை நம்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

21 ஜனவரி

இத்தனை எழுதிவிட்டு என் காரை விட்டுவைப்பானேன் என்று நானும் இறங்கிவிட்டேன். அதே மாடல், அதே பாக்ஸ்.

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, நான்கு சக்கரமும் சமமாக நிற்கும்படி நான்கு ஸ்டாண்டில் ஏற்றினேன். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் பின்னால் ஓடிவிடும். வடிவதும் சரியாக இருக்காது, அளவும் பொய் சொல்லும். ஊற்றும் பிளக் திறந்தேன். ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலை உள்ளே விட்டு வளைத்தும் நுனி நனையவில்லை.

வடித்துப் பார்த்தால், வர வேண்டிய இரண்டு லிட்டருக்கு ஒன்றரைகூட இல்லை. கறுப்பு இல்லை, நாற்றமும் பழைய நாற்றம்தான். ஆயில் என்ற அளவில் பார்த்தால் இன்னும் ஓட்டியிருக்கலாம். காணாமல் போன மிச்சம்தான் கவலை. டார்ச் அடித்துப் பார்த்ததில், புரொபெல்லர் ஷாஃப்ட் உள்ளே நுழையும் வால் முனை சீலைச் சுற்றி ஈரம், அதில் ஒட்டிய மண். சொட்டும் அளவுக்கு இல்லை, அதனால்தான் தரையில் ஒருநாளும் கறை தெரியவில்லை. மெதுவாக வியர்த்து வியர்த்து இத்தனை வருஷத்தில் போயிருக்கிறது.

7ஆம் தேதி எழுதும்போது துகள், பழைய ஆயில் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது எடை வேறு பக்கம் சாய்கிறது. மேனுவல் கியர்பாக்ஸைப் பழைய ஆயில் கொல்வது அபூர்வம், குறைந்த ஆயில் கொல்லும். இதற்கு பம்ப் கிடையாது. கீழ்ச்சக்கரங்கள் ஆயிலில் முங்கி வாரி இறைப்பதுதான் மேலே இருக்கும் பேரிங்குக்கெல்லாம் போய்ச் சேருகிறது. மட்டம் இறங்கினால் இறைப்பும் குறையும், அதுவும் நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதே அந்த வளைவுக்குத்தானே. எஞ்சினுக்கு டிப்ஸ்டிக் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. இதற்கு எதுவும் இல்லை. ஆயில் மாற்றுகிறேன் என்ற சாக்கில் படுத்து, பிளக்கைத் திறந்தால்தான் தெரியும்.

எனவே கேள்வி கேட்டவருக்கு: ஆயில் வாங்க இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, மட்டத்தை மட்டும் இந்த வாரமே பாருங்கள்.

22 ஜனவரி

காந்தத்தில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

சாம்பல் நிறப் பசை. விரலில் தேய்த்தால் வழவழவென்று, நெருடல் இல்லாமல். இரும்பின் மிக நுண்ணிய தூள், இத்தனை வயதுக்கு வழக்கமானது. ஊசி மாதிரி சில்லோ, தகடு மாதிரி செதிலோ இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைய ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்; அப்போது புது ஆயில் ஊற்றுவது வெறும் ஆறுதல். நிமிண்டி எடுக்கும் அளவில் முக்கோணத் துண்டு கிடைத்தால் அது பல்லின் முனை.

காந்தம் காட்டாத ஒன்று உண்டு. பித்தளை அதில் ஒட்டாது. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொன் நிறத்தில் மினுமினுக்கும், அது சிங்க்ரோ வளையம். என்னுடையதில் லேசாக மினுமினுத்தது. மினுங்கல் இருந்ததால் மட்டும் பயப்பட மாட்டேன். அடுத்த முறையும் இதே அளவு இருந்தால்தான் யோசிப்பேன், ஏனென்றால் இந்த முறை வந்தது யாருக்கும் தெரியாத காலத்துச் சேமிப்பு.

22 ஜனவரி, சற்றுப் பிறகு

பிளக்கின் வாஷரை மாற்றுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் கசியும், கசிந்தால் 21ஆம் தேதிக் குறிப்புக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

29 ஜனவரி

ஓட்டிப் பார்த்த கணக்கு. குளிரில் இரண்டாவது முன்பைவிட இலகுவாக விழுகிறது. முரண்டு முழுக்கப் போகவில்லை. கைக்குத் தெரிகிற வித்தியாசமா, கை கறுத்துச் செய்த வேலைக்கு மனம் தரும் கூலியா என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. இந்த வாரம் குளிரும் கொஞ்சம் குறைவு. "ஆயில் மாற்றியதும் புது கார் மாதிரி" என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அன்றைய வானிலையையும் எழுத வேண்டும்.

சிங்க்ரோவைக் குறை சொல்லும் முன் கிளட்சையும் சந்தேகியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது வெண்ணெயாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது நின்ற இடத்திலேயே முதல் கியரும் ரிவர்ஸும் கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. எம்எக்ஸ்-5ல் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிப்பது) கசிவது தெரிந்த வியாதி. அதன் ரப்பர் உறையைத் தூக்கினால் ஈரம் தெரியும். பாதி மிதித்த கிளட்சோடு சிங்க்ரோவை வேலை வாங்கினால் எந்த ஆயிலும் தாங்காது.

2 பிப்ரவரி

இந்தக் காருக்கு மட்டும் உரிய ஒரு விஷயம், என்னைக் கேட்டால் ஆயில் மாற்றியதைவிட இதுதான் கைக்கு அதிகம் தெரிந்தது.

கியர் லீவர் போய் இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, டரட் என்பார்கள். லீவரின் அடிக்குமிழ் அந்தக் கிண்ணத்து ஆயிலில் நிற்கிறது. கீழே பெட்டியில் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் இங்கே ஏறி வராது. தனியாக ஊற்ற வேண்டும், நூறு மில்லிக்கும் குறைவாக. பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு, லீவர் இன்னும் வறட்சியாக இருக்கிறதே என்று எழுதுவார்கள்.

நடுக் கன்சோலைக் கழற்றினால் இரண்டு ரப்பர் உறைகள். அடியில் இருக்கும் சின்ன உறைதான் ஆயிலையும் சூட்டையும் அடக்கி வைப்பது. என்னுடையது விரலால் தொட்டதும் பிய்ந்து வந்தது. நீளப் பயணத்தில் கால் பக்கம் வந்த சூடு எஞ்சினுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வழி இதுதான். மூன்று போல்ட்டைக் கழற்றி லீவரைத் தூக்கியபோது கிண்ணம் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. அடிக்குமிழைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் புஷ் பாதி உடைந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

புது உறைகள், புது புஷ், புது ஆயில். லீவரின் தளர்ச்சி போய்விட்டது. இருபது வயதுக் காரில் "கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது" என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்தப் புஷ்தான் என்பது என் சந்தேகம்.

3 பிப்ரவரி

இல்லை, கன்சோலின் திருகு ஒன்றும் மிச்சமாகவில்லை. கேட்டதற்கு நன்றி.

10 பிப்ரவரி

இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன, இரண்டும் வேண்டாம்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டிக் கழுவுவது: கரைக்க அங்கே கரியே இல்லை. கழுவியது குழிகளில் தங்கி, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். கழுவித்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால், அதே கியர் ஆயிலை ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். செலவு கூடுதல், கெடுதல் இல்லை.

உராய்வைக் குறைக்கும் சேர்மானக் குப்பி: சிங்க்ரோ பற்றி இத்தனை எழுதிய பிறகு இதற்குப் பதில் தேவையா? பிரேக் டிஸ்க்கில் யாராவது எண்ணெய் தடவுவார்களா?

18 பிப்ரவரி

சத்தம் பற்றி வேறொருவர் கேட்டது. நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது உருளும் சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது சத்தம் வந்து, விட்டால் நின்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். இந்த ஐந்து கியர் பாக்ஸில் நான்காவது நேரடி கியர், விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அதில் விசை கீழ் ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. மற்ற கியர்களில் முனகி, நான்காவதில் மட்டும் அடங்கினால் கீழ் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். இவை எதுவும் ஆயிலால் சரியாகாது. ஆனால் ஆயில் மட்டம் பார்க்காமல் விட்டதால் வந்ததாக இருக்கலாம்.

6 மார்ச்

கேள்வி கேட்டவர் பிளக்கைத் திறந்துவிட்டார். மட்டம் சரியாக விளிம்பில், ஆயில் பழுப்பாக, காந்தத்தில் பசை மட்டும். அவருடைய பாக்ஸ் என்னுடையதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. கொஞ்சம் பொறாமை.

அடுத்தது எப்போது என்று கேட்கிறார். நான் வைத்திருக்கும் கணக்கு 50,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முன்னால் வருகிறதோ அது. வருஷம்தான் முன்னால் வரும், இந்தக் கார்கள் ஓடுவதைவிட நிற்பது அதிகம். மட்டம் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை. பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் இதைப் பாதியாக்கிக்கொள்ளட்டும், அங்கே ஏறும் சூடு வேறு.

படுத்ததோடு பின்னால் நகர்ந்து டிஃபரன்ஷியலையும் முடித்துவிடுங்கள். 1.8 எஞ்சின் காருக்கு ஒரு லிட்டர், அங்கே ஜிஎல்-5தான். பல்சக்கரங்களாலேயே சக்கரச் சுழற்றலை அடக்கும் டோர்சன் வகை என்றால் உராய்வு மாற்றி எதுவும் சேர்க்கத் தேவையில்லை. பின்னாளில் கிளட்ச் தகடு வகை மாட்டியிருந்தால் அதைச் செய்தவர் சொன்ன ஆயிலை ஊற்றுங்கள். மேலே இருக்கும் மூச்சுக் குழாய் மூடி சுழல்கிறதா என்றும் விரலால் பாருங்கள். அது அடைத்துப்போனால் சூட்டில் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் வெளியேறும். என் வால் முனை சீல் வந்து சேர்ந்துவிட்டது, மாட்ட புரொபெல்லர் ஷாஃப்டை இறக்க வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.